கல்லறைத் தோட்டத்தில் இருபது பிரசவம்

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரே நாளில் இருபது பிரசவம் நடந்தது. இருபதும் சுகப்பிரசவம். ஒரு தையல்கூடப் போடவில்லை. பிரசவம் பார்த்தவள் என் தம்பி மகள் ஜெசி. கூட இருந்து பேர் சொல்லிக் கொடுத்தவன் நான். இதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. மறைக்க வேண்டியவர்கள் எல்லாரும் நன்றாகவே மறைத்துவிட்டார்கள்.

என் பேர் இருதயம். அஞ்சாம் கிளாசோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். கையெழுத்துப் போடத் தெரியும், போடுவதில்லை. கையெழுத்துக் கேட்டு வந்தவன் எவனும் எனக்கு நல்லது செய்ததாக ஞாபகம் இல்லை. தம்பி சேவியருக்கு வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை. கொரோனா வந்ததும் கம்பம்மெட்டில் வழியை அடைத்துவிட்டார்கள். அவன் மலைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். தேவாரத்துக்கு மேற்கே, அடிவாரத்தில் எங்கள் வீடு. வீட்டில் நான், தம்பி பெண்டாட்டி ஞானசெல்வி, ஜெசி, மூன்றே பேர்.

ஜெசி தேனிப் பக்கம் ஒரு காலேஜில் நர்சிங் கடைசி வருசம். காலேஜ் என்றால் காலேஜ் இல்லை, அப்போது அது ஒரு போன். காலையில் ஒன்பது மணிக்குக் காலேஜைச் சார்ஜரில் இருந்து பிடுங்கிக்கொண்டு கிளம்புவாள்.

எங்கள் ஊருக்குக் குறுக்கே ஒரு பாறை நிற்கிறது. ஊருக்குள் போன் பேசுவதே பாடு. படம் தெரிய வேண்டும் என்றால் மேட்டுக்குப் போக வேண்டும். மேட்டில் இருப்பது கல்லறைத் தோட்டம் மட்டும்தான். செத்தவர்களுக்கு நாலு கோடு சிக்னல், இருக்கிறவர்களுக்கு ஒரு கோடு. எந்த எஞ்சினியர் யோசித்து வைத்தானோ.

சவரிமுத்து உபதேசியார் சமாதி நல்ல அகலம், வழவழவென்று சிமெண்டு போட்டது. அதில் உட்கார்ந்துதான் ஜெசி பேறுகாலப் பாடம் படித்தாள். நான் பக்கத்துச் சமாதியில் காவல். பேய்க்குப் பயந்து இல்லை. போனுக்குள் எவன் எவன் இருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

பாடம் எடுத்தவர்கள் அபிதா மேடம். முகம் தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். ஒரு நாள் கையில் ஒரு பொம்மையும், இடுப்பெலும்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக்கும் வைத்துக்கொண்டு, குழந்தை எப்படித் திரும்பித் திரும்பி வெளியே வரும் என்று காட்டினார்கள். தலை பாதி வந்தது. அந்த இடத்தில் படம் நின்றுபோய் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கால்மணி நேரம் அந்தக் குழந்தை பாதியிலேயே நின்றது. நான் அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கிவிட்டேன். திரும்பப் படம் வந்தபோது மேடம் பொம்மையைத் துணியில் சுற்றி முடித்து, "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டார்கள்.

"எஸ் மேம்" என்று நாற்பது குரல் வந்தது. அதில் ஒன்று எங்கள் ஜெசியுடையது.

"ஏத்தா, நடுவுல என்ன செஞ்சாக?"

"பிடிஎப் அனுப்புவாக பெரியப்பா."

"பிள்ளை நடுவுல நின்னா நீயும் பிடிஎப் அனுப்புவியா?"

"சும்மா இருங்க பெரியப்பா, மைக் ஆன்ல இருக்கு."

ஊசி போடப் பழக வேண்டும் என்றார்கள். வீட்டுக்குப் பின்னால் நின்ற பப்பாளியில் ஒரு காய் மிச்சம் இல்லாமல் ஊசி போட்டாள். அத்தனையும் வெம்பி விழுந்தது. "உங்க பெரியப்பாகிட்ட சொல்லு, இந்த வருசம் பப்பாளி கிடையாது" என்றாள் ஞானசெல்வி. அவள் என்னோடு நேராகப் பேசுவதில்லை. எல்லாம் ஜெசி வழியாகத்தான். எங்கள் வீட்டில் ஆன்லைன் கொரோனாவுக்கு முன்னாடியே உண்டு.

அடுத்து, கர்ப்பிணி வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் குழந்தை எப்படி இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பரீட்சை. வீட்டில் இருக்கிற ஆளைப் படுக்க வைத்து வீடியோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். ஞானசெல்வி முடியாது என்று அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டாள். எனக்குத் தொப்பை உண்டு. கட்டிலில் படுக்க வைத்து, சேலையைப் போர்த்தி, வயிற்றைத் தடவிப் பார்த்து, "தலை கீழ் நோக்கி இருக்கிறது, முதுகு இடது பக்கம்" என்று ஒப்பித்தாள். முந்தின நாள் தின்ற மொச்சைதான் அந்த இடது பக்கம். மேடம் பதில் எழுதியிருந்தார்கள்: பேசண்டின் மீசை தெரிகிறது, அடுத்த முறை முகத்தை மூடவும். பத்துக்கு எட்டு மார்க். ரெண்டு மார்க் நான் சிரித்ததற்காகப் போனது.

இதெல்லாம் விளையாட்டு. வினை மே மாசம் வந்தது. ரெண்டாவது அலை என்று ஊரெல்லாம் ஆம்புலன்சுச் சத்தம். அந்த வாரம் காலேஜில் இருந்து ஒரு தாக்கல்: கடைசி வருசப் பிள்ளைகள் ஆளுக்கு இருபது பிரசவம் தானே பார்த்து, நோட்டில் எழுதி, தாயின் கைநாட்டோடு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை. ஹால் டிக்கெட் இல்லாவிட்டால் ஆகஸ்டில் பரீட்சை இல்லை. நாலு வருசமும் வீண்.

ஜெசி மேடத்துக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் போடச் சொன்னவன் நான்.

"மேம், ஆஸ்பத்திரிக்குள்ள எங்களை விட மாட்டேங்கிறாக. இருபதுக்கு எங்க போக?"

"உங்க ஏரியாவுல நடக்கிற டெலிவரி எழுதும்மா."

"எங்க ஏரியாவுல இப்ப யாரும் வீட்டுல பெத்துக்கிறதில்ல மேம். எல்லாரும் ஆஸ்பத்திரிதான்."

"ஆஸ்பத்திரி பேரை மட்டும் போட்டுராத. அவங்க வந்து கேள்வி கேப்பாங்க. வீடுன்னே போடு."

"இல்ல மேம், நான் எதையும் பாக்கலியே."

"ஜெசி, நான் உன்னைப் பாக்கச் சொல்லல. எழுதச் சொன்னேன்."

போன் வைத்துவிட்டார்கள்.

மூன்று நாள் அழுதாள். வியாழக்கிழமை மத்தியானம் வெற்று நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உபதேசியார் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"பொய் எழுதினா பாவம் பெரியப்பா."

"ஊரடங்குல சாமியார் பாவசங்கீர்த்தனமே கேக்குறதில்ல. இப்ப எழுதினாத்தான் உண்டு."

"கேலி பண்ணாதீங்க. பக்கத்துத் தெரு ராஜாத்தி அக்கா மாசமாத்தான இருக்காக? அவுக பேரைப் போடவா?"

"கிறுக்கச்சி! உசிரோட இருக்கிறவ பேரைக் காகிதத்துல ஏத்துவியா?"

போன வருசம் எங்கள் ஊர் அம்மாவாசி பேர் ஏதோ ஒரு கொரோனா லிஸ்டில் ஏறியது. மறுநாள் தெரு முனையில் தகரம் அடித்துவிட்டார்கள். பதினாலு நாள் பால்காரன்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் சொன்னார்கள், அது கம்பத்து அம்மாவாசியாம். அன்றைக்கு முடிவு செய்தேன், உயிரோடு இருக்கிற ஒருத்தர் பேரும் என் வாயால் எந்தக் காகிதத்துக்கும் போகக்கூடாது என்று.

"அப்ப இல்லாத பேரா எழுதவா?"

"இல்லாத பேரை எழுதுனாத்தான் முழுப் பொய். இருந்தவ பேரை எழுதுனா பாதிதான். சுத்திப் பாரு. பேருக்கா பஞ்சம்?"

சுற்றிப் பார்த்தாள். சமாதி சமாதியாகப் பேர் நின்றது.

"பெரியப்பா!"

"இவுகளுக்கு எவனும் தகரம் அடிக்க முடியாது. எழுது. சூசையம்மாள்."

"வயசு?"

"கல்லுல எழுபத்தெட்டுன்னு இருக்கு. நீ இருபத்திரெண்டுன்னு போடு."

"எத்தனாவது பிரசவம்?"

"அவளுக்கு ஒம்போது. நீ ரெண்டாவதுன்னு போடு. அரசாங்கத்துக்கு ரெண்டுதான் பிடிக்கும்."

சவரியம்மாள், மரியபுஷ்பம், ஞானசவுந்தரி என்று வரிசையாகப் போனோம். லூர்தம்மாள் வந்ததும் பேனாவை நிறுத்தினாள்.

"இவுக கல்யாணமே கட்டலியே பெரியப்பா. கோயில்ல பூக்கட்டிக்கிட்டே செத்தாகன்னு அம்மா சொல்லும்."

"அது அவ பாடு. நோட்டுல புருசன் பேரு சூசைன்னு போடு. ஊருல பாதிப்பேரு சூசைதான், ஒருத்தனும் சண்டைக்கு வர மாட்டான்."

"குழந்தை எடை?"

"கொஞ்சம் கூடக் கொறச்சு மாத்திப் போடு. எல்லாம் ஒரே எடையா இருந்தா ரேசன் கடைன்னு நினைச்சுருவாக."

அழுதுகொண்டிருந்த பிள்ளை அப்போது சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் நான் கெட்டேன். சரியான காரியம் செய்கிறோம் என்று நினைத்துவிட்டேன்.

பத்தொன்பது ஆனது. மற்ற கல்லெல்லாம் மழையில் எழுத்து அழிந்தவை. சுவரோரம் ஒரு சின்னக் கல் மட்டும் மிச்சம். வயசு இல்லை, வருசம் இல்லை, பேர் மட்டும்தான். மிக்கேலம்மாள்.

"இது நம்ம அப்பத்தாவுல்ல?"

"ஆமா. எழுது."

"ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?"

"ஆம்பளப் பிள்ளை."

"எடை?"

"யாரு நிறுத்தா. ரெண்டே முக்கால்னு போடு."

ஒவ்வொரு பக்கத்துக் கடைசியிலும் எழுதும் இங்கிலீசு வரியை இதிலும் தமிழில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள்: தாயும் சேயும் நலம். நான் என் செருப்பைத் தேடினேன். காலில்தான் கிடந்தது.

அப்புறம் கைநாட்டு. கை விரல் பத்து. மீதிப் பத்துக்கு? "உங்க பெரியப்பாகிட்ட சொல்லு, எனக்குத் தலை வலிக்குது" என்று ஞானசெல்வி போய்ப் படுத்துவிட்டாள். கால் விரல் பத்தையும் மையில் முக்கி வைத்தேன். கையெழுத்துப் போடாதவன்தான், ஆனால் இது கையும் இல்லை, எழுத்தும் இல்லை. மறுநாளே படம் பிடித்து அனுப்பினாள். அடுத்த வாரம் தேனிக்குப் போன மருந்துக்கடை வண்டியில் நோட்டையும் கொடுத்துவிட்டோம். மேடம் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிட்டதாகத் தாக்கல் வந்தது. ஒரு சந்தேகம்தான் கேட்டார்களாம். மரியபுஷ்பத்துக்கு எதற்கு அவ்வளவு பெரிய பெருவிரல்? காட்டு வேலை பார்க்கிற பொம்பளை என்று ஜெசி சொல்லிவிட்டாள்.

இதோடு முடிந்திருக்கும். காலேஜுக்குப் பெருமை பிடித்து ஆட்டியது. 'கொரோனா காலத்திலும் எங்கள் மாணவிகள் கிராமம் கிராமமாகச் சென்று பிரசவம் பார்த்தார்கள்' என்று ஒரு கடிதம் எழுதி, நோட்டில் இருந்த பேரை எல்லாம் சேர்த்து, பாராட்டுப் பத்திரம் கேட்டு மேலே அனுப்பிவிட்டார்கள். நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு இருபது. எண்ணூறு குழந்தை. சுகாதாரக்காரர்கள் கணக்கிலோ அந்த வருசம் எங்கள் பக்கம் வீட்டுப் பிரசவம் ஒன்றுகூட இல்லை. பூஜ்யம் என்று எழுதிக் கைதட்டு வாங்கியவர்கள் அவர்கள்.

ஜூன் நடுவில் ஒரு ஜீப் வந்தது. வெள்ளை உடுப்பு, முகத்தில் கண்ணாடிப் பலகை மாட்டி ரெண்டு பேர் இறங்கினார்கள். ஊரே கதவைச் சாத்தியது. ஒருத்தர் ஹெல்த் இன்ஸ்பெக்டர் விஜய்பாண்டி. இன்னொருத்தர் எங்கள் பக்கத்து ஏழு ஊருக்கும் கிராம நர்சு சண்முகத்தாய். அந்தம்மா முகம் செத்துப் போயிருந்தது. அவர்கள் பொறுப்பில் இருக்கிற ஊரில் அவர்களுக்கே தெரியாமல் இருபது வீட்டுப் பிரசவம் என்றால் வேலை போகும்.

விஜய்பாண்டி காகிதத்தைப் பார்த்து உரக்க வாசித்தார்.

"சூசையம்மாள், க/பெ சூசை. வீடு எது?"

சாத்திய கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு? பச்ச உடம்புக்காரி. தடுப்பூசி போடணும். எங்க இருக்காக?"

ஒளிந்து பிரயோசனம் இல்லை என்று நானே முன்னால் வந்தேன். "வாங்க, காட்டுறேன்."

மேட்டுக்கு நடந்தோம். ஜெசி அங்கேதான் வகுப்பில் இருந்தாள். ஜீப்பு வந்த சத்தம் கேட்டே போனை அணைத்துவிட்டு எழுந்து நின்றிருந்தாள். நான் கல்லுக் கல்லாகக் காட்டினேன்.

"இதான் சூசையம்மா. இது மரியபுஷ்பம். அது லூர்தம்மா. எல்லாரும் இங்கனதான் இருக்காக. யாரும் எங்கயும் போகல."

விஜய்பாண்டி கண்ணாடிப் பலகையைக் கழற்றி வேர்வையைத் துடைத்தார். லிஸ்டையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தில் கோபம் போய் நிம்மதி வந்ததைப் பார்த்தேன். வீட்டுப் பிரசவம் நடக்கவில்லை. அவருக்கு அது போதும்.

"பெரியவரே, இந்த இருபது குழந்தையும் பிறக்கவே இல்லைன்னு ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. முடிச்சுரலாம்."

"பிறக்காததுக்கு ஒரு லெட்டரா? உலகத்துல பிறக்காதது எத்தனையோ இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நான் கையெழுத்துப் போட முடியுமா?"

எவ்வளவோ கெஞ்சினார். நான் அசையவில்லை. கடைசியில் அவரே சமாதியில் உட்கார்ந்து எழுதினார். வாசித்தும் காட்டினார்: 'மேற்படி இருபது பேரையும் அவரவர் இருப்பிடத்திலேயே நேரில் சந்தித்து விசாரித்ததில், தங்களுக்குப் பிரசவம் நடந்ததாக எவரும் கூறவில்லை. எவரிடமும் எவ்விதப் புகாரும் இல்லை.' அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. படித்த ஆள் படித்த ஆள்தான்.

அவர் கீழே இறங்கினார். சண்முகத்தாய் போகவில்லை. ஜெசி முன்னால் நின்றார்கள்.

"நான் வீட்டுக்குப் போயி இருபத்தெட்டு நாளாச்சு. ஆஸ்பத்திரியில ஸ்டாப் நர்சு மூணு பேரும் பாசிட்டிவ். பேறு பாக்க என்னைய இழுத்து விட்டுருக்காக. ஒத்தக் கையி. நீ என்னடான்னா செத்தவுகளுக்குப் பேறு பாத்துக்கிட்டு இருக்க."

ஜெசி தலையைக் குனிந்தாள்.

"கடைசி வருசம்தான? சொல்லு. பிள்ளை பிறந்து அழுகல. என்ன செய்வ?"

ஜெசி அஞ்சு பாயிண்டு ஒப்பித்தாள். ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

"கையால செஞ்சிருக்கியா?"

"இல்ல சிஸ்டர்."

"பாத்தாவது இருக்கியா?"

"அந்த எடத்துல நெட் போயிருச்சு சிஸ்டர்."

இதற்கு யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஜெசி நிமிர்ந்தாள்.

"நான் வரவா சிஸ்டர்? ஆஸ்பத்திரிக்கு?"

"ஏ, எவனாவது பிடிச்சு கொரோனா ஊசியக் குத்தி விடுவான்" என்று நான் குறுக்கே விழுந்தேன். என்னை அந்தம்மா ஒரு ஆளாகவே மதிக்கவில்லை.

"டாக்டர்கிட்ட நான் பேசுறேன். காலையில ஏழு மணிக்கு வா. போன் கொண்டு வராத."

மறுநாளில் இருந்து தினம் நான்தான் டிவிஎஸ் பிப்டியில் கொண்டுபோய் விட்டேன். அரசாங்க ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். உள்ளே விட்டுவிட்டு வீட்டுக்கு வர எனக்கு நம்பிக்கை இல்லை.

முதல் நாள் சாயங்காலம் வெளியே வந்தவள் முகம் வெளிறிக் கிடந்தது.

"ஒரு பிரசவம் ஆச்சா? எழுதிக்கிட்டியா?"

"எழுத விட மாட்டேங்கிறாக பெரியப்பா. பாத்தது பாத்ததுதானாம், கையில பிடிச்சாத்தான் எழுதணுமாம்." கொஞ்ச தூரம் போனதும் பின்னால் இருந்து சொன்னாள். "அது நிக்கவே இல்ல பெரியப்பா. நம்ம போன்ல மாதிரி நின்னு நின்னு வரல. ஒரேயடியா வந்துருச்சு."

சண்முகத்தாய் பொல்லாத பொம்பளை. ஒன்பது நாள் கழித்துத்தான் முதல் குழந்தையைப் பிடிக்க விட்டார்கள். தேவாரத்து முனீஸ்வரிக்குப் பெண் பிள்ளை. புது நோட்டில் முதல் பேர் ஏறியது. முனீஸ்வரியின் கைநாட்டு கொஞ்சம் மஞ்சளும் அப்பி, கோணலாக இருந்தது. சத்தியமாகக் கை விரல்தான்.

நாலாவது குழந்தை அழவில்லை. நான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே திடீரென்று எல்லாச் சத்தமும் நின்றுபோனது. பேறு பார்க்கிற இடத்தில் சத்தம் நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரமோ. அப்புறம் பூனை கத்துகிற மாதிரி ஒன்று கேட்டது. ஜெசி வெளியே வந்தபோது நான் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

"என்ன பெரியப்பா, ஏன் அழுகுறீக?"

"எவன் அழுதான்? பினாயில் நெடி."

"சொல்லுங்க."

சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்பத்தா காய்ச்சலில் செத்ததாகத்தான் அவளுக்குத் தெரியும். அது காய்ச்சல் இல்லை. மேகமலை எஸ்டேட்டு லைன் வீட்டில் என் தம்பியைப் பெற்றபோது. கம்பவுண்டர் வந்தான், நோட்டில் என்னமோ எழுதினான், போய்விட்டான். சின்னமனூருக்கு லாரியில் இறக்கும்போது வழியிலேயே முடிந்துவிட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயசு. மடியில் தம்பி. பள்ளிக்கூடம் அன்றோடு நின்றது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. பின்னால் எஸ்டேட்டு ஆபீசில் அந்த நோட்டைக் காட்டி என் அய்யாவிடம் கைநாட்டு வாங்கினார்கள். அதில் 'கம்பவுண்டர் கூடவே இருந்தார்' என்று எழுதியிருந்ததாம். அய்யாவுக்குப் படிக்கத் தெரியாது.

ஜெசி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

ஆகஸ்டு வந்தபோது நோட்டில் ஏழு பேர். சின்ன ஆஸ்பத்திரி, அவ்வளவுதான் வந்தது. ஹால் டிக்கெட் வாங்கக் கார்டியன் வர வேண்டும் என்றார்கள். பஸ் ஓட ஆரம்பித்திருந்தது. போடி வழியாகத் தேனிக்குப் போனோம்.

அபிதா மேடத்தை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தேன். சின்னப் பொண்ணு. ஜெசியைவிட அஞ்சாறு வயசு கூட இருக்கும். மேசை மேல் ஹால் டிக்கெட் தயாராக இருந்தது, ஜெசி படத்தோடு. ஜெசி தன் புது நோட்டை எடுத்து வைத்தாள்.

"இது என்ன?"

"என் கேஸ் புக் மேம். ஏழு இருக்கு."

"உன்னோடது ஏற்கெனவே வந்திருச்சே. இருபது. நான் கையெழுத்தே போட்டுட்டேன்."

"அது பொய் மேம்."

"தெரியும்மா" என்றார்கள் மேடம், கொஞ்சமும் அசராமல். "எல்லாரோடதும் அப்படித்தான். உன்னோடதாவது நீட்டா இருந்துச்சு." புது நோட்டைப் புரட்டினார்கள். "இதைப் பாரு, ஒரே அழுக்கு. பக்கத்துக்குப் பக்கம் கறை. ஆஸ்பத்திரி பேரு வேற போட்டிருக்க."

"அங்கதான மேம் பாத்தேன்."

"ஏழுக்கு ஹால் டிக்கெட் தர முடியாது ஜெசி. இருபதுன்னா தரலாம். பழசை வாபஸ் வாங்கினா அடுத்த பேட்ச்சோடதான் எழுதணும். ஆறு மாசம். யோசிச்சுக்கோ." மேடம் என் பக்கம் திரும்பி, "நீங்களாவது சொல்லுங்க சார்" என்றார்கள்.

என்னை சார் என்று ஒருத்தர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் சொன்னேன். "வாங்கிக்க ஆத்தா. ஊரே பொய்யிலதான் ஓடுது. நீ மட்டும் ஏன் வேகாத வெயில்ல நடக்கணும்? வாங்கிக்க, போவோம்."

மனசாரச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஜெசி பழைய நோட்டை இழுத்து, கடைசிப் பக்கத்தை விரித்து, என் முன்னால் வைத்தாள். விரலால் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினாள்.

"இதை வாசிங்க பெரியப்பா."

அது இங்கிலீசு. எனக்கு வாசிக்கத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். கீழே என் இடது கால் சுண்டுவிரல் ரேகை. மேலே பச்சை மை.

"அந்தக் கம்பவுண்டர் எழுதினானே, அது மாதிரித்தான இதுவும்?"

நான் செருப்புக்குள் அந்தச் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டேன்.

"ஆறு மாசம் கழிச்சு வர்றேன் மேம்" என்றாள் ஜெசி.

மேடம் ஹால் டிக்கெட்டை எடுத்து இழுப்பறையில் போட்டார்கள். ஜெசியின் அழுக்கு நோட்டைத் திரும்ப எடுத்து விரித்தார்கள். "நாலாவது கேஸ், அழாத பேபி... நீ கூட இருந்தியா?" என்று கேட்டார்கள்.

"ஆமா மேம்."

"நான் இதுவரைக்கும் ஒண்ணுகூடப் பாத்ததில்ல" என்றார்கள். யாரோ கதவுப் பக்கம் வரவும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

நான் பழைய நோட்டைக் கேட்டேன். தர மாட்டேன் என்றார்கள். "அது காலேஜ் ரெக்கார்டு சார். இன்ஸ்பெக்சனுக்குக் காட்டணும்."

"அவதான் வாபஸ் வாங்கிட்டாளே?"

"வாபஸ் வாங்கினது ஜெசிக்கு. காலேஜுக்கு இல்ல."

"அப்ப அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழிச்சுக் குடுங்கம்மா."

"பக்கத்துக்கு நம்பர் இருக்கு சார்."

நோட்டு பீரோவுக்குள் போனது. பீரோவைப் பூட்டினார்கள். பூட்டும் முன்னால் உள்ளே அடுக்கடுக்காக நாற்பது நோட்டு பார்த்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் ஜெசி உட்கார்ந்தாள். நான் திட்டிக்கொண்டே வந்தேன். காலேஜை, மேடத்தை, அரசாங்கத்தை, ஜெசியை, கடைசியாக என்னை. போடி தாண்டும்போது அவள் போன் அடித்தது. சண்முகத்தாய். பிச்சைமணி பெண்டாட்டிக்கு வலி எடுத்துவிட்டதாம், தலைப்பிரசவமாம், எங்கே இருக்கிறாய் என்று கேட்டார்கள்.

"பஸ்ல சிஸ்டர். முக்கால் மணி நேரத்துல வந்துர்றேன்."

"ஹால் டிக்கெட்டு?"

"இல்ல சிஸ்டர்."

"சரி வா" என்று வைத்துவிட்டார்கள்.

ஜெசி பையில் இருந்து அந்த அழுக்கு நோட்டை எடுத்து, எட்டாவது பக்கத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு போட ஆரம்பித்தாள். பஸ் குலுக்கியதில் கோடு கோணிக்கொண்டு போனது. பேர் எழுதவில்லை. கோடு மட்டும்தான்.

தேனியில் ஒரு பீரோவுக்குள் என் ஆத்தா இன்னும் நலமாகத்தான் இருக்கிறாள், கைப்பிள்ளையோடு. இன்ஸ்பெக்சனுக்கு வருகிறவன் வாசித்துப் பார்ப்பான். கால் விரல் என்று கண்டுபிடிக்கிறானா பார்ப்போம்.